பஸில் எந்த இடத்தில் உடைகிறது? ரீசனிங் பயிற்சிக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

வங்கி வேலைக்காக ஐபிபிஎஸ் நடத்தும் பிஓ (அதிகாரி), கிளார்க் தேர்வுகளின் ப்ரிலிம்ஸில், அதாவது முதல்நிலைத் தேர்வில், ரீசனிங் என்ற தர்க்கப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 விநாடி. இதில் பெரிய பங்கு, குறிப்புகளை வைத்து யார் எங்கே என்று கண்டுபிடிக்கும் பஸிலுக்கும் சீட்டிங் அரேஞ்ச்மென்ட்டுக்கும் போகிறது. ஒரு செட் (ஒரு பஸிலும் அதன் கேள்விகளும்) கைவிட்டுப் போனால் அதோடு நாலைந்து கேள்விகள் சேர்ந்து போய்விடும். அதனால்தான் மற்ற எல்லாப் பகுதியையும் நன்றாகச் செய்கிறவர்கள்கூட இதைக் கண்டு தயங்குகிறார்கள்.

தயங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, "எனக்கு லாஜிக் வராது" என்பது. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பஸில் தவறிய இடம் ரஃப் ஷீட்டில் அப்படியே பதிந்திருக்கும். அதைத் தேடிப் பார்க்காமல் அடுத்த செட்டுக்குத் தாவினால் அதே தவறுக்குத்தான் இன்னொரு முறை பயிற்சி எடுக்கிறோம். எனவே முதல் வேலை, போட்டு முடித்த ரஃப் ஷீட்டைக் கிழித்துப் போடாமல் தேதி எழுதி வைப்பது. கீழே ஒவ்வொரு கோளாறையும் அதன் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு மாதிரி பஸில். மேலே படிப்பதற்கு முன் நேரம் குறித்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

ஏழு தளக் கட்டடம். கீழ்த்தளம் 1, மேல்தளம் 7. ஒரு தளத்துக்கு ஒருவர்: மணி, ரவி, சுதா, கீதா, பாலு, லதா, வேலு. மணி சுதாவுக்குக் கீழே ஏதோ ஒரு தளத்தில் இருக்கிறார். வேலுவுக்கு மேலே எத்தனை பேரோ, பாலுவுக்குக் கீழேயும் அத்தனை பேர். வேலு ரவிக்கு மேலே இருக்கிறார். ரவி கீதாவுக்கு அடுத்த மேல்தளத்தில். சுதாவுக்கும் கீதாவுக்கும் இடையே இரண்டு பேர். சுதா ஒற்றைப்படைத் தளத்தில். ஆனால் 1-லும் இல்லை, 7-லும் இல்லை.

அறிகுறி: எல்லாக் குறிப்பையும் படித்தாயிற்று, பேனா நகரவில்லை

குறிப்புகளை அவை எழுதப்பட்ட வரிசையிலேயே பயன்படுத்தப் பார்ப்பதுதான் காரணம். கேள்வி தயாரிப்பவர் அவற்றை வேண்டுமென்றே கலைத்துத்தான் வைப்பார். மேலே உள்ள பஸிலில் முதல் குறிப்பு மணியைப் பற்றியது. சுதா எங்கே என்று தெரியாத வரை அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதிலேயே முட்டிக்கொண்டு நின்றால் ஒரு நிமிடம் போய்விடும்.

இதற்கு மருந்து, படிப்பதை இரண்டாகப் பிரிப்பது. முதல் வாசிப்பில் கட்டமைப்பை மட்டும் எடுங்கள்: எத்தனை பேர், எத்தனை இடம், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், பெயர் தவிர வேறென்ன கேட்கிறார்கள். அதை வைத்துக் கட்டம் போட்டுவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் "எந்தக் குறிப்பு ஒருவரை மிகக் குறைந்த இடங்களுக்குள் அடைக்கிறது?" என்ற ஒரே கேள்வியோடு தேடுங்கள்.

இங்கே அது கடைசிக் குறிப்பு. சுதா 3 அல்லது 5, அவ்வளவுதான். அதைப் பிடித்ததும் சுதா என்ற பெயர் வேறெங்கே வருகிறது என்று பாருங்கள். கீதாவோடு வருகிறது. கீதா ரவியோடு, ரவி வேலுவோடு, வேலு பாலுவோடு. பெயரைப் பிடித்துக்கொண்டே போனால் குறிப்புகள் தாமாகவே ஒழுங்காகிவிடும்.

நேரடியாக இடம் சொல்லும் குறிப்பே இல்லாத பஸில்களும் உண்டு. அப்போது பெரிய இடைவெளியைத் தேடுங்கள். ஏழு தளத்தில் இருவர் அடுத்தடுத்து இருக்க ஆறு ஜோடி இடங்கள் உண்டு. இடையே நான்கு பேர் என்றால் இரண்டே ஜோடி: 1-6, 2-7. இடையே ஐந்து பேர் என்றால் 1-7 மட்டும். பலரும் "அடுத்தடுத்து" என்ற குறிப்பைப் பார்த்ததும் சந்தோஷமாக அதிலிருந்து தொடங்குகிறார்கள். உண்மையில் தொடக்கத்துக்கு அது மிகப் பலவீனமான குறிப்பு. பாதிக் கட்டம் நிரம்பிய பிறகுதான் அதற்கு மதிப்பு.

அறிகுறி: பாதி வழியில் முரண்படுகிறது, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்

அதிகம் பேரைச் சாய்ப்பது இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சுதா 3 அல்லது 5 என்று தெரிந்ததும், "சரி, 3-இல் வைத்துப் பார்ப்போம்" என்று ஒரே ஒரு படத்தில் எழுதிவிடுகிறோம். இரண்டு குறிப்பு தாண்டியதும் அது ஊகம் என்பதே மறந்து, உறுதியான தகவல்போல ஆகிவிடுகிறது. முரண்பாடு வரும்போது எதைச் சந்தேகிப்பது என்று தெரிவதில்லை. எல்லாம் அழிகிறது, கூடவே சரியாகக் கண்டுபிடித்ததும் அழிகிறது.

இரண்டு வாய்ப்பு இருந்தால் அந்த நொடியிலேயே இரண்டு நெடுவரிசை போடுங்கள். முதல் நெடுவரிசையில் சுதா 3. இடையே இரண்டு பேர் என்பதால் கீதா 6, ரவி 7. இரண்டாவதில் சுதா 5, கீதா 2, ரவி 3. இனி வரும் ஒவ்வொரு குறிப்பையும் இரண்டிலும் ஒருசேர ஓட்டுங்கள்.

அடுத்தது வேலு-பாலு குறிப்பு. "இவருக்கு மேலே எத்தனையோ அவருக்குக் கீழே அத்தனை" என்று வந்தாலே இருவரின் தள எண்களின் கூட்டுத்தொகை, மொத்தத் தளங்களைவிட ஒன்று அதிகம். இங்கே 8. முதல் நெடுவரிசையில் காலியாக இருப்பவை 1, 2, 4, 5. இவற்றில் எந்த இரண்டைக் கூட்டினாலும் 8 வராது. முதல் நெடுவரிசை அடிபட்டது. இரண்டாவதில் காலியானவை 1, 4, 6, 7. இங்கே 1-ம் 7-ம் சேர்ந்தால் 8. வேலு ரவிக்கு மேலே என்பதால் வேலு 7, பாலு 1. மணி சுதாவுக்குக் கீழே, எனவே 4. மேலிருந்து கீழாக வேலு, லதா, சுதா, மணி, ரவி, கீதா, பாலு.

ஒரு நெடுவரிசை அடிபட்டதும் அதை அழிக்க வேண்டாம். குறுக்கே ஒரு கோடு போட்டு, எந்தக் குறிப்பால் அடிபட்டது என்று பக்கத்தில் எண் போடுங்கள். இரண்டாவதும் பிறகு முட்டினால் திரும்பிப் போகும் இடம் தெரியும்.

இரண்டுமே அடிபட்டால் பஸிலில் பிழை என்று முடிவுகட்டாதீர்கள். பெரும்பாலும் "இடையே" என்பதைத் தவறாக எண்ணியிருப்போம். இடையே இரண்டு பேர் என்றால் தள எண்களின் வித்தியாசம் மூன்று. இரண்டு என்று வைத்திருந்தால் இரண்டு நெடுவரிசையும் தப்பாகத்தான் போகும். நான்கைந்து நெடுவரிசை வந்து நின்றால் தொடக்கக் குறிப்பின் தேர்வு சரியில்லை என்று பொருள். ப்ரிலிம்ஸ் செட்டில் மூன்றுக்கு மேல் போனால் நிறுத்தி, வேறு குறிப்பைத் தேடுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: எல்லாக் குறிப்பும் தீர்ந்துவிட்டது, இன்னும் ஒரு தகவல் குறைகிறது

மேலே லதா எப்படி 6-ஆம் தளத்துக்குப் போனார் என்று கவனித்தீர்களா? அவரைப் பற்றி ஒரு குறிப்புகூட இல்லை. மீதமிருந்த இடம் அவருக்குப் போனது. குறிப்பில் வராத பெயரை முதலிலேயே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதி வைப்பது நல்ல பழக்கம். கேள்விகளில் ஒன்றாவது அவரைப் பற்றித்தான் இருக்கும்.

1962-இல் லைஃப் இன்டர்நேஷனல் இதழில் வெளியான ஐந்து வீட்டுப் புதிர் இன்றைய பஸில்களுக்கெல்லாம் மூத்தது. 15 குறிப்பு கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிப்பவர் யார், வரிக்குதிரை யாருடையது என்று கேட்கிறது. அந்த 15 குறிப்புகளில் தண்ணீரும் இல்லை, வரிக்குதிரையும் இல்லை. அறுபது ஆண்டு கழிந்தும் வங்கித் தேர்வில் அதே உத்திதான் வேலை செய்கிறது.

இன்னொரு காரணம், குறிப்புக்குள் ஒளிந்திருக்கும் "இல்லை"களை எடுக்காமல் விடுவது. பெயரோடு தொழிலும் சேர்ந்து வரும் பஸிலில் "ரவிக்கு இரண்டு தளம் மேலே டாக்டர் இருக்கிறார்" என்று ஒரு வரி வருகிறது. இதில் மூன்று "இல்லை" இருக்கிறது. ரவி டாக்டர் இல்லை. ரவி மேலிருந்து முதல் இரண்டு தளங்களில் இல்லை. டாக்டர் கீழ் இரண்டு தளங்களில் இல்லை. இவற்றை எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால் நான்காவது குறிப்புக்குள் மறந்துவிடும். கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டுப் பெயரை எழுதினால் போதும்.

பெயர், தொழில், நிறம் என்று மூன்று வகை வந்தால் மூன்று தனி அட்டவணை போடுகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். தளத்துக்கு ஒரு வரி, வகைக்கு ஒரு நெடுவரிசை, ஒரே கட்டம். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் காலி இடம் கண்ணில் படும்.

அறிகுறி: வட்ட மேசையில் இடம் வலம் மாறிப் போகிறது

ஆறு பேர் வட்ட மேசையைச் சுற்றி நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்: அமுதா, பாரி, செல்வி, தேவன், எழில், குமரன். பாரிக்கு நேர் எதிரே தேவன். பாரிக்கு இடப்பக்கம் இரண்டாவதாக அமுதா. குமரனும் தேவனும் அடுத்தடுத்து. செல்வி அமுதாவுக்குப் பக்கத்தில் இல்லை.

நடுவைப் பார்த்து உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் என்பது கடிகாரச் சுற்று, வலப்பக்கம் எதிர்ச்சுற்று. பாரியிலிருந்து கடிகாரச் சுற்றில் எழில், அமுதா, தேவன், குமரன், செல்வி என்று வரும்.

இப்போது ஒருவர் இதைத் தலைகீழாக நினைத்து, இடப்பக்கத்தை எதிர்ச்சுற்றாக வைக்கிறார் என்று கொள்வோம். எந்த முரண்பாடும் வராது. கண்ணாடியில் பார்த்ததுபோல முழுப் படமும் திரும்பிவிடும், அவ்வளவுதான். கடைசிவரை அதே தப்பைச் சீராகச் செய்தால் பெரும்பாலான விடை சரியாகவே வரும். குமரனுக்கு அடுத்த வலப்பக்கம் யார் என்றால் இரண்டு படத்திலும் தேவன்தான். "பாரியிலிருந்து கடிகாரச் சுற்றில் இரண்டாவது யார்" என்று கேட்டால்தான் வேறுபடும்: சரியான படத்தில் அமுதா, திரும்பிய படத்தில் குமரன்.

ஆக, இடம் வலம் தெரியாதது அவ்வளவு பெரிய கோளாறு இல்லை. ஒரு குறிப்பை அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்ததாக நினைத்து வைத்துவிட்டு, அடுத்ததைக் காகிதத்தைப் பார்க்கிறவராக வைப்பதுதான் கோளாறு. பாதிப் படம் நேராக, பாதிப் படம் திரும்பி இருக்கும். உங்கள் ரஃப் ஷீட்டில் அப்படி நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, தவறிய பழைய படத்தை எடுத்து ஒவ்வொரு இடம்-வலக் குறிப்புக்கும் நீங்கள் எந்தச் சுற்றில் நகர்ந்தீர்கள் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எல்லா "இட" அம்பும் ஒரே சுற்றில் இல்லையென்றால் நோய் இதுதான்.

சரிசெய்ய, வட்டம் வரைந்த உடனே ஓரத்தில் ஒரு வளைந்த அம்பு போட்டு "இட" என்று எழுதுங்கள். அப்புறம் கற்பனையே வேண்டாம். அம்பைப் பார்த்தால் போதும். வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவருக்கு எல்லாமே எதிர்மாறு. சிலர் உள்ளே, சிலர் வெளியே பார்க்கும் செட்டில் ஒவ்வொரு பெயரிலும் சின்ன அம்பு போட்ட பிறகுதான் அடுத்த குறிப்புக்குப் போக வேண்டும். சதுர மேசையில் எட்டுப் பேர் என்றால் மூலையில் இருப்பவர் உள்ளே, பக்க நடுவில் இருப்பவர் வெளியே என்று அடிக்கடி கொடுப்பார்கள். அதையும் முதலிலேயே வரைந்துவிடுங்கள்.

நேர்வரிசையில் வடக்கைப் பார்ப்பவரின் இடமும் காகிதத்தின் இடமும் ஒன்று. தெற்கைப் பார்ப்பவருக்கு மாறும். இங்கே ஒரு பொறி உண்டு. "இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள்" என்றால் வடக்கு என்று பொருளில்லை. இருவரும் தெற்காகவும் இருக்கலாம். அங்கே நெடுவரிசை பிரித்தாக வேண்டும்.

பிஓ தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிற தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் குறிப்பில் "ஏ சிட்ஸ் செகண்ட் டு த லெஃப்ட் ஆஃப் பி" என்று வந்தால் நிலையான ஆள் பி. நகர்ந்து வைக்க வேண்டிய ஆள் ஏ. வாக்கியத்தில் முதலில் ஏ வருவதால் அவரைக் கட்டத்தில் வைத்துவிட்டு பி-யை இடப்பக்கம் எழுதுவது அடிக்கடி நடக்கிறது. "ஆஃப்" என்பதற்குப் பின்னால் வரும் பெயரில் விரலை வைத்துவிட்டு எண்ணத் தொடங்குங்கள். "இம்மீடியட்" என்று வந்தால் ஒட்டியே. அது இல்லாமல் வெறுமனே இடப்பக்கம் என்றால் அந்தப் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும்.

அறிகுறி: படம் சரி, ஆனால் விடை தப்பு

இது ரொம்ப வலிக்கும். நான்கு நிமிடம் உழைத்துப் படத்தைச் சரியாகப் போட்டுவிட்டு "இவற்றில் எது தவறு" என்ற கேள்விக்குச் சரியான கூற்றைக் குறித்துவிட்டு வருவது. படம் முடிந்ததும் மனம் தளர்ந்துவிடுகிறது; அதுதான் காரணம். "தவறு", "தவிர", "பொருந்தாதது" என்ற சொற்களைப் பார்த்ததும் ரஃப் ஷீட்டில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒவ்வொரு விடைக்கும் நேராக சரி, தப்பு என்று குறித்துவிட்டு, எது தனித்து நிற்கிறது என்று பார்த்துக் குறியுங்கள்.

வட்டத்தில் "இருவருக்கும் இடையே எத்தனை பேர்" என்றால் எந்தப் பக்கமிருந்து எண்ணச் சொல்கிறார்கள் என்று கேள்வியிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் குறுகிய பக்கத்தை எண்ணிவிடுகிறோம். படத்தைப் போட்ட பிறகு குறிப்புகளை வேகமாக ஒரு தடவை ஓட்டிச் சரிபார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பதினைந்து விநாடி ஐந்து கேள்வியைக் காப்பாற்றும்.

அறிகுறி: சிலாஜிசத்தில் பாதி சரி, பாதி தப்பு, ஏன் என்று தெரியவில்லை

சிலாஜிசம் என்பது கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்பது. எல்லாப் பேனாவும் பென்சில். சில பென்சில் ரப்பர். இதிலிருந்து "சில பேனா ரப்பர்" என்று முடிவு சொல்ல முடியுமா? முடியாது. ரப்பராக இருக்கும் பென்சில்கள் பேனா இல்லாத பென்சில்களாக இருக்கலாம். ஆனால் "சில பேனா ரப்பராக இருக்க வாய்ப்பு உண்டு" என்ற முடிவு சரி. முதலாவது எல்லாப் படத்திலும் உண்மையாக இருக்க வேண்டும். இரண்டாவது ஏதாவது ஒரு படத்தில் உண்மையானால் போதும். வட்டங்களை ஒரே ஒரு விதமாக வரைந்து அதையே வைத்து இரண்டு வகைக்கும் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் "பாதி சரி, பாதி தப்பு" வருகிறது. உறுதி முடிவுக்கு அதை உடைக்கும் படம் ஒன்றை வரையப் பாருங்கள். வரைய முடியவில்லை என்றால் முடிவு சரி. வாய்ப்பு முடிவுக்கு அதை உண்மையாக்கும் படம் ஒன்றைத் தேடுங்கள்.

அதே கூற்றுகளுக்கு "சில பேனா ரப்பர்", "எந்தப் பேனாவும் ரப்பர் இல்லை" என்று இரண்டு முடிவு கொடுத்திருந்தால், தனித்தனியாக எதுவும் உறுதியில்லை. ஆனால் இரண்டில் ஒன்று உண்மையாகியே தீரும். "இரண்டில் ஏதாவது ஒன்று" என்ற விடை இதற்குத்தான். "சில மட்டுமே" என்று வந்தால் அது இரண்டு கூற்று: சில அப்படி, சில அப்படி இல்லை. எனவே "சில பேனா மட்டுமே பென்சில்" என்றான பிறகு எல்லாப் பேனாவும் பென்சிலாக இருக்க வாய்ப்பே கிடையாது.

சமமின்மைக் கேள்விக்கும் இதே மனநிலைதான். ஏ, பி-யைவிடப் பெரியது அல்லது சமம். பி-யும் சி-யும் சமம் என்றால், "ஏ சி-யைவிடப் பெரியது", "ஏ சி-க்குச் சமம்" இரண்டில் ஒன்று. நடுவில் குறி திசை மாறினால் சங்கிலி அறுந்தது. மேலே யோசிக்கத் தேவையில்லை.

சின்னச் சின்னக் கோளாறுகள்

ரத்த உறவில் தவறு வந்தால், சொல்லாத பாலினத்தை நீங்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். "ஏ என்பவர் பி-யின் பிள்ளை" என்றால் ஏ மகனா மகளா தெரியாது. "தீர்மானிக்க முடியாது" என்ற விடை அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. தலைமுறைக்கு ஒரு வரி வைத்து, பாலினம் தெரிந்தவருக்கு மட்டும் ஆண் என்றால் கூட்டல், பெண் என்றால் கழித்தல் குறி போடுங்கள்.

திசைக் கேள்வியில் நிழல் வந்தால்: காலையில் சூரியன் கிழக்கே, நிழல் மேற்கே. நிழல் வலப்பக்கம் விழுகிறது என்றால் அவர் தெற்கைப் பார்க்கிறார். தூரத்துக்கு 3-4-5, 5-12-13, 8-15-17 நினைவில் இருந்தால் வர்க்கமூலம் போடும் வேலை பெரும்பாலும் இருக்காது.

எழுத்துக் குறியீட்டில் விரல்விட்டு எண்ணுகிறீர்களா? ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. எதிரெதிர் எழுத்துகளின் (ஏ-இசட், பி-ஒய் போல) கூட்டுத்தொகை 27. இது இரண்டு நாள் மனப்பாட வேலை. அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அறிகுறி: வீட்டில் வருகிறது, மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) வரவில்லை

பதற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். வீட்டில் புத்தகத்தில் போடுகிறீர்களா? குறிப்புகளுக்கு அடிக்கோடு போடுகிறீர்கள், முடிந்ததை அடிக்கிறீர்கள், பெயரை வட்டமிடுகிறீர்கள். தேர்வு கணினித் திரையில். அங்கே அடிக்கோடு கிடையாது. உங்கள் முறையில் பாதி அந்த அடிக்கோட்டில்தான் இருந்தது என்றால், திரைக்கு முன்னால் முறையே இல்லாமல் நிற்கிறீர்கள். இன்றிலிருந்து புத்தகத்தில் எதையும் கிறுக்காதீர்கள். குறிப்புகளின் எண்களை ரஃப் ஷீட்டில் 1 முதல் எழுதி, பயன்படுத்தியதை அங்கே அடியுங்கள். இது ஒரு வாரத்துக்கு எரிச்சலாக இருக்கும்; பழகிவிடும்.

அடுத்தது, எந்த செட்டை எடுப்பது என்ற தேர்வு. வீட்டில் கையில் கிடைத்ததைப் போடலாம். தேர்வில் 20 நிமிடம்தான். ஒரு கணக்கு: சிலாஜிசம், சமமின்மை, திசை போன்ற தனிக்கேள்விகள் 15 இருந்து, ஒவ்வொன்றையும் 20 விநாடியில் முடித்தால் ஐந்து நிமிடம். மீதி 15 நிமிடத்தில் நான்கு பஸில் செட். ஒன்றுக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. எனவே முதலில் தனிக்கேள்விகள். பிறகு பஸில்களில் கட்டமைப்பு எளியதும் குறிப்பு தெளிவானதும். ஒன்றரை நிமிடமாகியும் ஒரு பெயர்கூடக் கட்டத்தில் உறுதியாகவில்லை என்றால் விட்டுவிட்டு நகருங்கள். "இவ்வளவு நேரம் போட்டுவிட்டோமே" என்று அங்கேயே நிற்பவர்கள்தான் கட்-ஆஃபை இழக்கிறார்கள். போன நேரம் திரும்பாது. மீதி நேரத்தை வேறு செட்டுக்குக் கொடுக்கலாம்.

ஊகித்துக் குறிப்பதைப் பற்றியும் தெளிவாக இருங்கள். ஐந்து விடைகள், தப்பானால் அந்தக் கேள்வி மதிப்பெண்ணில் கால் பங்கு போகும். கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் லாபம் கொஞ்சம் உங்கள் பக்கம். பாதிப் படம் போட்டிருந்தாலே இரண்டு மூன்று விடைகளை நீக்கிவிடலாம். முடிக்காத செட்டிலிருந்தும் ஒன்றிரண்டு கேள்வி எடுக்க முடியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் போடுகிறேன், நேரம் குறையவே இல்லை

முதலில் உங்கள் தேர்வு எது என்று பாருங்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வின் டயர் 1-இல் (முதல் கட்டத்தில்) ரீசனிங் 25 கேள்வி. பெரும்பாலும் தனித்தனிக் கேள்விகள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25. அதற்குத் தயாராகிறவர் எட்டுப் பேர் உள்ளும் வெளியும் பார்க்கும் வட்ட மேசையில் நாட்களைக் கரைக்கக் கூடாது. வங்கித் தேர்வு எழுதுகிறவர் அதைத் தவிர்க்கவும் கூடாது.

தேர்வு சரிதான், இருந்தும் வேகம் வரவில்லை என்றால், விடைவிளக்கத்தை எப்போது பார்க்கிறீர்கள் என்று கவனியுங்கள். இரண்டு நிமிடம் முட்டியதும் வீடியோவைத் திறந்தால், அங்கே ஒருவர் தெளிவாகப் போட்டுக் காட்டுவார். எல்லாம் புரியும். அந்தப் புரிதல் உங்கள் கையில் ஏறாது. பயிற்சியில் நேர வரம்பு தாண்டினாலும் செட்டை நீங்களே முடியுங்கள், அரை மணி ஆனாலும் பரவாயில்லை. முடியவே முடியவில்லை என்றால் விளக்கத்தில் முதலில் எந்தக் குறிப்பை எடுத்தார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். மீதியை நீங்கள் போடுங்கள். அதே செட்டை ஒரு வாரம் கழித்து வெறும் காகிதத்தில் மறுபடி போடுங்கள். விடை நினைவில் இருந்தாலும் பாதகமில்லை. பாதை வேகமாகிறதா என்பதுதான் சோதனை.

தவறிய ஒவ்வொரு செட்டின் ரஃப் ஷீட்டிலும் மூலையில் ஒரே ஒரு எழுத்து எழுதுங்கள். தொடக்கக் குறிப்பு தவறினால் "தொ", ஊகத்தை உறுதியாக எடுத்தால் "ஊ", இடம் வலம் என்றால் "இ", ஒளிந்த தகவலை விட்டால் "ஒ", கேள்வியைத் தப்பாகப் படித்தால் "கே", தேர்ந்தெடுத்த செட்டே தப்பு என்றால் "செ". ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்துத் தாள்களைப் பரப்பி வைத்து எண்ணுங்கள். எந்த எழுத்து அதிகமோ அதற்குரிய மேற்கண்ட பகுதியை மட்டும் மறுபடி படித்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பத்து செட்டை அந்த ஒரு தவறு வராமல் போட வேண்டும் என்ற குறிக்கோளோடு, கடிகாரத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போடுங்கள். தவறு நின்ற பிறகு கடிகாரத்தை எடுக்கலாம்.